முட்டும் முட்டுக்கட்டையும்

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்கிறோம். தளம் போட்டுப் பதினோராம் நாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். ஏரிக்குப் போக வேண்டிய காக்கைகள் வழியிலேயே குளியலை முடித்துக்கொண்டன. தளத்துக்குக் கீழே, போன மாதம் வரை மொட்டைமாடியாக இருந்த இடத்தில், சவுக்கு முட்டுகள் தோப்பு மாதிரி நின்றன. அம்மாவுக்கு வடாம் பிழிய இடமில்லை.

"ஏம்ப்பா, பலகையை எப்பப் பிரிக்கப்போறே?"

"இருபத்தொரு நாள் ஆகட்டும்மா."

"அடுத்த தெருவுல பத்தாம் நாளே பிரிச்சுட்டாங்களாம்."

"பிரிச்சவரு ஊருக்குப் போயிடுவாரும்மா. கீழ படுக்கிறது வீட்டுக்காரங்கதானே."

கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி, நாலரை மீட்டருக்குள் அடங்கும் தளத்துக்கு 7 நாளும் அதைத் தாண்டினால் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. அது குறைந்தபட்சக் கணக்கு. மேஸ்திரி செஞ்சிப் பக்கத்துக்காரர், அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எம்-சாண்டின் தரம், தண்ணீர் லாரி வராமல் போன ஒரு நாள், கம்பி கட்டிய பையனுக்கு அன்றைக்கு அடித்த காய்ச்சல் எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டி 21 என்று சொல்கிறார். அமைச்சரே வந்தாலும் 20-ஆக்க மாட்டார்.

அதே காலையில்தான் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "ஒரு சின்ன விஷயம்" என்று மேலாளர் தொடங்கினார். சின்ன விஷயத்துக்கு யாரும் காலை ஏழரைக்கு போன் செய்வதில்லை.

நான் சம்பளம் வாங்கும் நிறுவனத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் நீங்கள் ஆச்சரியப்படப்போவதுமில்லை, எல்லா நிறுவனமும் அதேதான். நாங்கள் விற்கும் மென்பொருளுக்குள் ஒரு சின்னத் திறந்த மூலக் கூறு இருக்கிறது. திறந்த மூலம் என்றால் நிரலை எழுதியவரே அதை ஊருக்குப் பொதுவில் வைத்துவிடுவது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், காசு வேண்டாம். உங்கள் செல்போனில் வங்கிச் செயலி திறக்கிறதே, ரயில் டிக்கெட் போடுகிறீர்களே, அதற்கெல்லாம் அடியில் இந்த மாதிரி இலவசக் கூறுகள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. எங்கள் கூறின் பதிப்பு எண் 0.9.7. பூஜ்யத்தில் தொடங்கினால் அந்த உலகத்தில் ஒரு பொருள் உண்டு: "இன்னும் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன், நம்பிச் சாய்ந்துவிடாதே." 1.0 என்றால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம்: நீ சாய்ந்த சுவரை உன்னிடம் சொல்லாமல் நகர்த்த மாட்டேன்.

"கஸ்டமர் ஆடிட்ல ஸ்டேபிளான்னு கேக்குறாங்க. அந்த ஓனருக்கு ஒரு மெயில் தட்டி 1.0-ன்னு போடச் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

ஓனராம். எங்கோ ஒரு ஊரில், பகலில் வேறு வேலை பார்த்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவு பத்தரைக்கு மேல் உட்கார்ந்து இதை எழுதுகிற ஆள். நாலு வருடமாக அவர் உழைப்பை எடுத்து விற்கிறோம். ஒரு டீக்காசு அனுப்பியதில்லை. ஒரு நன்றி எழுதியதில்லை. எங்களிடமிருந்து அவருக்குப் போகப்போகும் முதல் கடிதமே கெடு வைத்த கடிதம்.

"அவரு ரெடின்னு நினைச்சாத்தானே போடுவாரு?" என்றேன்.

"எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடாதீங்க பாஸ்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் அவர் தன்னை அறியாமல் சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஸ்டேபிள் என்பதைத் தமிழில் நிலையானது என்கிறோம். நம் ஊரில் நிலைக்கு வருகிற பெரிய பொருள் தேர். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். பட்டுச் சட்டை போட்டவர் வடத்தை இரண்டு விரலால் தொட்டுக் கேமராவைப் பார்ப்பார். சக்கரத்துக்குப் பக்கத்தில், காலை இழந்துவிடும் தூரத்தில், வியர்த்துக் கொட்ட ஒரு ஆள் ஓடிக்கொண்டிருப்பார். அவர் கையில் இருப்பதுதான் முட்டுக்கட்டை. அவர் அதைச் சரியான நொடியில் சக்கரத்தடியில் செருகாவிட்டால் தேர் திரும்பாது, நிற்காது, முனை வீட்டுக்குள் புகுந்துவிடும். அந்த ஆளின் கருவியை எடுத்து வசைச்சொல்லாக்கிவிட்டோம். வடத்தைத் தொட்டவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும்.

இந்த நாட்டில் ஒரு பொருள் தயார் என்று யார் சொல்கிறார்கள் பாருங்கள். காலண்டர் சொல்கிறது.

எங்கள் தெருமுனையில் ஓடுவது ஜி.எஸ்.டி. சாலை, இன்னொரு ஜி.எஸ்.டி. பிறப்பதற்குப் பல காலம் முன்பே எங்களை நசுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த ஜி.எஸ்.டி. 2017 ஜூன் 30 நள்ளிரவு நாடாளுமன்ற மைய மண்டபத்தில் பிறந்தது. சுதந்திரம் வாங்கிய அதே மண்டபம், அதே நள்ளிரவு. முகூர்த்தத்தில் குறையே சொல்ல முடியாது. கணக்குத் தாக்கல் செய்யும் நாள் வந்தபோது இணையதளம் திணறியது, கெடு தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. வரியமைப்பின் முதுகெலும்பு என்று சொல்லப்பட்ட மூன்று படிவங்களில் இரண்டை, ஜி.எஸ்.டி.ஆர்-2, ஜி.எஸ்.டி.ஆர்-3, அதே நவம்பரில் ஓரமாக எடுத்து வைத்தார்கள். சரக்கு லாரிக்கான இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று கட்டாயமானது, அன்றே படுத்தது, அன்றே ஒத்திவைக்கப்பட்டது, ஏப்ரல் 1 அன்று மீண்டும் பிறந்தது. தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறை புது இணையதளம் திறந்தது. ஆகஸ்டில் இரண்டு நாள் முழுதாகவே காணாமல் போனது. அதைக் கட்டிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை அதிகாரியை நிதியமைச்சகம் நேரில் வரச் சொன்னது. ஜூலையில் முடிய வேண்டிய தாக்கல் டிசம்பர் 31 வரை இழுத்தது. இதில் யாரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு: ஜூன் 7 காலையில் "தயார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் யார்? அவருக்குப் பக்கத்தில் "வேண்டாம் சார், இன்னும் ரெண்டு மாசம் பொறுப்போம்" என்று சொன்ன ஒரு இளைஞனோ பெண்ணோ இருந்திருப்பார்கள். நிச்சயம் இருந்திருப்பார்கள், இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அந்தக் குரல் இல்லாத அறையை நான் பார்த்ததே இல்லை. அந்தக் குரலுக்கு அந்த வருடம் சம்பள உயர்வு எவ்வளவு கிடைத்தது என்றும் என்னால் ஊகிக்க முடியும்.

திறந்த மூலத்துக்கு வந்தால் கூத்து இன்னும் நன்றாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சகம் விண்டோஸைக் கைவிட்டு மாயா என்ற இயங்குதளத்துக்கு மாறப்போவதாகச் செய்தி வந்தது. அடித்தளம் உபுண்டு, உலகத்துக்கே திறந்து கிடப்பது. எப்போதைக்குள் மாற்றுவார்களாம்? ஆகஸ்ட் 15-க்குள். நிரலில் எத்தனை பிழை பாக்கி, எத்தனை பிரிண்டர் இதனோடு பேசும் என்பதெல்லாம் செய்தியில் இல்லை. கொடியேற்றம் இருந்தது, போதாதா? அதே வருடம் ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான பார்ஓஎஸ் என்ற செல்போன் இயங்குதளத்தை இரண்டு மத்திய அமைச்சர்கள் டெல்லியில் "சோதித்தார்கள்". சோதனை என்னவென்றால் வீடியோ அழைப்பு. மணி அடித்தது, முகம் தெரிந்தது, கை தட்டினார்கள். ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரல் மீது கட்டியது என்பதால் அடியில் இருப்பது பத்துப் பதினைந்து வருடம் உலகம் முழுக்க ஆயிரமாயிரம் பேர் அடித்துத் துவைத்துச் சரிசெய்த சரக்கு. வீடியோ அழைப்பு வராமல் இருந்திருந்தால்தான் செய்தி. உழைத்த பொறியாளர்கள் மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் உழைப்பைத் தேங்காய் மாதிரி ஒரே அடியில் உடைத்துப் பார்த்து "நல்ல சகுனம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான் கோபம்.

இவ்வளவு தூரம் டெல்லிக்குப் போவானேன். பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கே எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சிடாக்கின் சென்னைப் பிரிவும் சேர்ந்து 2005-இல் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007-இல் வெளிவந்தது பாஸ் லினக்ஸ். பாரத இயங்குதளம். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் திரை பேசும். 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது அதற்குள் ஒரு பக்கம் பாஸ், ஒரு பக்கம் விண்டோஸ். எந்தப் பக்கம் திறந்தது என்று அந்த வருடங்களில் படித்த எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். லட்சக்கணக்கான மடிக்கணினிக்குள் ஒரு இயங்குதளத்தை அனுப்பிவிட முடியும். அது திக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரை, திருத்தம் அனுப்ப ஒரு ஆளை, அடுத்த ஐந்து வருடத்துக்குச் சம்பளத்தோடு நிறுத்துவதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. அதனால் அந்தச் செலவுக்கு எந்த மேடையும் கிடைப்பதில்லை.

பாஸ் எதன் மீது நிற்கிறது தெரியுமா? டெபியன் என்ற இயங்குதளத்தின் மீது. 1993-இல் தொடங்கிய டெபியனிடம் அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டால் வருகிற பதில் உலகப் பிரசித்தம்: தயாரானதும். மூன்று அடுக்கு வைத்திருக்கிறார்கள். நிலையற்றது, சோதனையில் இருப்பது, நிலையானது. புதுச் சரக்கு எதுவும் முதலில் நிலையற்ற கிடங்கில்தான் விழும். அந்தக் கிடங்குக்கு நிரந்தரப் பெயர் சிட். டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளைப் பிய்த்துப் போடுவானே ஒரு பக்கத்து வீட்டுப் பையன், அவன் பெயர். அங்கே சில நாள் கிடந்து, பெரிய பழுது யாரும் சொல்லாவிட்டால் அடுத்த அடுக்கு. பிறகு ஒரு நாள் கதவைச் சாத்துவார்கள். புதிதாக எதுவும் உள்ளே வராது, இருப்பதைப் பழுது பார்ப்பது மட்டும். 2002 ஜூலையில் ஒரு பதிப்பு விட்டவர்கள் அடுத்ததை 2005 ஜூனில்தான் விட்டார்கள். உலகமே கேலி செய்தது. அவர்கள் பாட்டுக்குப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதே டெபியனை நம் ஊர்க் கையில் கொடுத்தால் எப்படி நடத்துவோம் என்று எண்ணிப் பார்க்கிறேன். தாம்பரம் மேம்பாலத்திலிருந்து வண்டலூர் வரை பிளெக்ஸ். "நிலையானதின் நிரந்தர நாயகரே, வருக!" வெளியீட்டுக்கு முந்தின இரவு இருநூறு பழுது பாக்கி இருப்பதாக ஒரு பெண் பொறியாளர் சொல்வார். அவற்றில் நூற்றைம்பது எதிர்க்கட்சி ஆட்சியில் வந்தவை என்று கண்டறியப்படும். மீதி ஐம்பதும் பழுதல்ல, "சிறு நடைமுறைச் சிக்கல்" என்று பெயர் மாற்றப்படும். காலை ஒன்பதரைக்குள் நல்ல நேரம் முடிவதால் ஒன்பதே காலுக்குப் பொத்தான் அழுத்தப்படும். ஒன்பது இருபதுக்கு, எங்கோ ஒரு ரேஷன் கடையில், ரேகை தேய்ந்த கட்டைவிரலைக் கருவியில் அழுத்தி அழுத்தி ஒரு பாட்டி நிற்பார். "விழல பாட்டி. சர்வர் இல்ல. நாளைக்கு வா."

சர்வர் இல்ல. நம் காலத்தின் மகா வாக்கியம் இதுதான். முன்னெல்லாம் "ஆபீசர் இல்ல" என்பார்கள். ஆபீசர் எங்காவது இருந்துதான் ஆக வேண்டும், தேடிப் பிடிக்கலாம். சர்வரை எங்கே போய்த் தேடுவது? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவளிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறோம். சோதனை செய்து பார்க்க ஆள் வைத்தால் செலவு என்று நிறுவனம் கணக்குப் போடுகிறது, அரசு கணக்குப் போடுகிறது. செலவு எங்கேயும் போய்விடவில்லை. அந்தப் பாட்டியின் கணக்கில் எழுதியாகிவிட்டது, அவ்வளவுதான். சம்பளம் இல்லாத சோதனையாளர், நூற்று நாற்பது கோடிப் பேர்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் எங்களுக்குப் பக்கம். 2019-இல் அடிக்கல், 2023 டிசம்பர் 30 திறப்பு விழா. கட்டடம் நல்ல கட்டடம், பொய் சொல்லக் கூடாது. பேருந்து நிலையம் தயாரானது. அதை ஒட்டி வர வேண்டிய ரயில் நிலையம் தயாராகவில்லை. இரண்டையும் இணைக்கிற நடைபாலமும் அன்று இல்லை. பேரிலேயே நிலை இருக்கிறது என்று திறந்துவிட்டார்கள் போல. பாக்கி வேலையை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடந்து, பொதுமக்கள் சோதித்துக் கொடுத்தார்கள். மென்பொருள்காரர்கள் மொழியில் இதற்குப் பீட்டா என்று பேர். கூகுள் தன் ஜிமெயிலை 2004-இலிருந்து 2009 வரை ஐந்து வருடம் பீட்டா என்றே போட்டு வைத்திருந்தது. குறைந்தபட்சம் பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

பதிப்பு எண் ஏறினால் சரக்கு மாறிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு எங்கள் ஊரைக் காட்டுவேன். 2021 நவம்பர் வரை பீர்க்கன்கரணை பேரூராட்சி. ஐந்து நகராட்சிகளையும் எங்களைப் போன்ற ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக் கட்டித் தாம்பரம் மாநகராட்சி என்றார்கள். காலையில் எழுந்து பார்த்தேன். பலகை மாறியிருந்தது, தெருவில் தேங்கியிருந்த தண்ணீர் அதே தண்ணீர். அடுத்த வருடம் மாநிலம் முழுக்கச் சொத்து வரி ஏறியபோது நாங்களும் மாநகரவாசிகளாக அதைக் கட்டினோம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் லினக்ஸ் கருவை 2.6-இலிருந்து 3.0-க்கு ஏற்றியபோது, பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, எண் ரொம்ப நீண்டுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை நம் பலகை எழுதுகிறவர்களிடம் இருந்தால் நாங்களும் சிரித்துக்கொண்டே வரி கட்டியிருப்போம்.

டொனால்ட் நூத் என்ற கணினிப் பேராசிரியர் தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு 2 டாலர் 56 சென்ட் காசோலை அனுப்பினார். அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தவர்கள் உண்டு. எங்கள் ஆபீஸில் பிழை கண்டுபிடித்துச் சொன்னால் "நெகட்டிவ் ஆட்டிட்யூட்" என்று வருடாந்திர மதிப்பீட்டில் எழுதுவார்கள்.

சரி, அந்த ஓனரைப் போன்றவர்களிடம் வருகிறேன். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. உலகின் வங்கிகளும் கடைகளும் இணையத்தில் பூட்டுப் போடப் பயன்படுத்திய ஓபன்எஸ்எஸ்எல்லில் ஓட்டை. இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் திறந்து கிடந்தது. அந்தப் பூட்டைச் செய்து கொடுத்த குழுவுக்கு நன்கொடையாக வருடத்துக்குக் கிடைத்த தொகை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதிலேயே இருந்தவர் ஒரே ஒருவர். அதுவரை எத்தனை நிறுவனங்கள் அதை "ஸ்டேபிள்" என்று டிக் அடித்துக்கொண்டு போயிருக்கும்? எல்லாம்தான். பூட்டு இலவசம், பூட்டுக்காரன் பட்டினி; திருட்டுப் போனதும் ஊரே கூடி "இவ்வளவு பெரிய ஓட்டை எப்படி விட்டான்?" என்றது.

புத்தி வந்ததா? 2022 ஜனவரியில், லாக்4ஜே என்ற இன்னொரு இலவசக் கூறில் ஓட்டை கண்டு உலகம் அலறிக்கொண்டிருந்த நேரம். கர்ல் என்ற கருவியைப் பல வருடமாக எழுதிவரும் ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்கிற்கு ஒரு மிகப் பெரிய அமெரிக்க நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். லாக்4ஜே பற்றிய எங்கள் கேள்விகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் தரவும். அவர் கருவிக்கும் லாக்4ஜேக்கும் சம்பந்தமே இல்லை. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததுமில்லை. ஆதரவு ஒப்பந்தம் ஒன்று போடுங்கள், உடனே பதில் சொல்கிறேன் என்று எழுதிவிட்டார் மனிதர். அன்னதானத்தில் சாப்பிட்டுவிட்டு, ரசத்தில் உப்புக் குறைவு, 24 மணி நேரத்தில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கொடு என்று கேட்கிற ஜாதி இது.

இதைவிட மோசம் 2024-இல் நடந்தது. எக்ஸ்இசட் என்கிற சுருக்கு நிரலை லாசே காலின் என்கிற ஒருவர் தனியாகப் பல வருடம் பராமரித்தார். மனசு சரியில்லை என்று அவரே எழுதியும், ஏன் தாமதம், பொறுப்பை யாருக்காவது கொடு என்று சிலர் நச்சரித்தார்கள். உதவுகிறேன் என்று வந்து இரண்டு வருடம் நல்லபிள்ளையாக வேலை செய்த ஜியா டான் என்ற பெயருடைய யாரோ ஒருவர், 5.6.0 பதிப்பில் கள்ளக் கதவு வைத்துவிட்டார். உலகின் சர்வர்களுக்கெல்லாம் சாவி. பிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். டெபியனின் அந்தச் சிட் கிடங்கில் சோதனை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, உள்நுழைவு அரை நொடி தாமதமாவது உறுத்தியிருக்கிறது. அரை நொடி! தோண்டிக்கொண்டே போய்ப் பாம்பை வாலோடு இழுத்துப் போட்டார். டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. எல்லாரும் கேலி செய்த அந்தத் தாமதம்தான் காப்பாற்றியது. எங்கள் ஆபீஸாக இருந்தால் அரை நொடிக்கு "நெட் ஸ்லோ" என்று எழுதி டிக்கெட்டை மூடியிருப்போம்.

மூடியிருப்போம் என்ன, மூடியிருக்கிறேன். ஊரைத் திட்டிக்கொண்டே போனால் நான் மட்டும் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். சில வருடம் முன்பு ஒரு மார்ச் 31 இரவு பதினொன்றே முக்காலுக்கு "ரெடி ஃபார் ரிலீஸ்" என்று நான்தான் எழுதி அனுப்பினேன். சோதனையில் ஆறு இடம் சிவப்பாக இருந்தது. காலாண்டு முடிகிறது, பில் போட வேண்டும், மேலே இருக்கிறவர்கள் விழித்திருக்கிறார்கள். மறுநாள் காலை வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவில் இருந்த இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள் இந்தியா முழுவதிலுமிருந்து வசவு வாங்கினார்கள். ஒரு பெண் கழிப்பறையில் போய் அழுதாள். எனக்கு ஸ்பாட் அவார்டு. சான்றிதழோடு 2,000 ரூபாய் பரிசு அட்டை. செருப்பு வாங்கினேன். நல்ல செருப்பு, இன்னும் அறுந்துபோகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்த ஓனருக்கு நான் கெடு வைத்து எழுதவில்லை. எப்போது 1.0 போடுவதாக உத்தேசம், அதற்கு என்ன தடை, எங்கள் பக்கம் என்ன செய்ய முடியும் என்று கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பிழைகள் மூன்று பாக்கி, ஒரு இடத்தில் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்குள் 1.0 என்றால் உங்களிடம் பொய் சொன்னதாக ஆகும், சோதித்துப் பார்க்க ஆள் அனுப்பினால் மூன்று மாதம். கூடவே, இத்தனை வருடத்தில் இப்படிக் கேட்ட முதல் நிறுவனம் நீங்கள்தான் என்று ஒரு வரி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மேலாளர் மூன்று மாதம் காத்திருக்கவில்லை. மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. திறந்த மூலம்தானே, யாரும் எடுக்கலாம், மாற்றலாம். அந்தக் கூறை அப்படியே நகலெடுத்து, உள்ளே ஒரே ஒரு வரியை மாற்றினார்கள். 0.9.7 என்று இருந்த இடத்தில் 1.0.0. பிழைகள் மூன்றும் பத்திரமாக உள்ளே. ஆடிட் படிவத்தில் பச்சை. ஒப்புதல் பொத்தான் என் பெயருக்கு வந்து நின்றது.

அன்றைக்கு இருபத்தோராம் நாள். மேஸ்திரி விடிகாலையிலேயே வந்துவிட்டார். பையன்களைப் படியிலேயே நிறுத்தினார். "நான் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள வராதீங்கடா. சார், நீங்களுந்தான்." தனியாக உள்ளே போனார். ஒவ்வொரு முட்டையும் கையால் தட்டிப் பார்த்தார், தளத்தை அண்ணாந்து பார்த்தார், சுத்தியலால் ஒரு ஆப்பைத் தட்டி நெகிழ்த்தினார், மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. "அப்ரூவ் பண்ணிட்டீங்களா?" "பாஸ்?" "கஸ்டமர் லைன்ல இருக்காரு." படியில் உட்கார்ந்து ஆபீஸ் குழுவுக்கு எழுதினேன்: "இது ஸ்டேபிள் என்று சொல்கிறவர் தன் பெயரும் வீட்டு போன் நம்பரும் கீழே போடவும். இரவு மூன்று மணிக்குப் பழுதானால் ஆதரவுப் பிரிவுப் பிள்ளைகள் அவரை எழுப்புவார்கள்." பதினெட்டுப் பேர் படித்ததாக நீல டிக் காட்டியது. யாரும் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குழுவே என் போனிலிருந்து மறைந்துபோனது. ஒப்புதல் பொத்தான் வேறு யார் பெயருக்கோ போயிருக்கும்.

மேலே முதல் பலகை தொப்பென்று விழுந்தது. பையன்கள் ஓடினார்கள். பத்து மணிக்குள் தோப்பு காலி. கீழேயிருந்து அம்மா மூச்சு வாங்க ஏறி வந்து எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? நாளைக்கு வடாம் பிழியலாமா?"

"பிழிங்கம்மா. நடுவுல அந்த மூணு முட்டு மட்டும் இருக்கட்டும். அடுத்த வாரம் நானே வந்து எடுக்கிறேன்."